பயறு மேய்ந்த காளை

முதலில் எனக்குத் தப்பு செய்தது நேசையன்தான் சாரே. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் கதையை நடுவிலிருந்துதான் தொடங்குவார்கள். நான் கடப்பாரையைத் தூக்கிய இடத்திலிருந்து. அதற்கு முன்னால் அவன் செய்தது ஒருவனுக்கும் ஞாபகம் இருக்காது.

நேசையன் என் பெண்டாட்டி லீதியாளின் கூடப்பிறந்த தம்பி. நீங்கள் வருகிற வழியில், பாலம் தாண்டியதும், நீலத் தார்ப்பாய் கட்டின இறைச்சிக்கடை பார்த்திருப்பீர்கள். அது அவன் கடை. தார்ப்பாயின் முன்பக்கத்தை ஒரு கடப்பாரை தாங்கி நிற்கும். அது என்னுடையது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மகள் கல்யாணத்துக்கு மாடு கேட்டு வந்திருக்கிறீர்கள். அதோ நிற்கிறான், நெற்றியில் வெள்ளையோடு. சுட்டி என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான். கிட்டே போய்ப் பாருங்கள், முட்டமாட்டான். இடது பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள். அந்தப் பக்கம் யார் கை வைத்தாலும் உதைப்பான்.

நான் மூன்றாம் கிளாஸ் வரைக்கும்தான். ஆனால் மாடு எனக்குத் தெரியும். இந்த நிலம் முழுக்க ரப்பர் நின்றது. மரம் கிழடாகிப் பால் வற்றியதும் வெட்டிக் கொடுத்தேன். வெட்டின மண் வெயிலில் செங்கல்லாகக் கிடந்தது. விவசாய ஆபீஸில் ஒரு பெண், எல்லா விதையையும் கலந்து விதையுங்கள் தாத்தா, மண்ணை மூடி வளரட்டும், பூக்கும் முன்னே உழுது மண்ணுக்கே கொடுத்துவிடுங்கள் என்றாள். சணப்பு, தட்டைப்பயறு, கொள்ளு, கம்பு. விதைத்தேன். இடுப்புவரை வந்தது. அவ்வளவையும் உழுது மண்ணில் புதைக்க எனக்கு மனம் வரவில்லை. மாட்டின் வயிறு வழியாகப் போனாலும் கடைசியில் மண்ணுக்குத்தானே வரும்?

அப்போதுதான் பால்மாட்டு வீடுகளில் போய்க் கேட்டேன். அங்கே காளைக்கன்று பிறந்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பாலெல்லாம் சொசைட்டிக்குப் போகும். கிடாரி என்றால் வளர்ப்பார்கள். காளை என்றால் கட்டின இடத்தில் கட்டினபடி கிடக்கும். ஒரு வாரம், பத்து நாள். கண்ணில் ஈ மொய்க்கும், நாக்கு வெளியே தள்ளும், பிறகு தூக்கி ஆற்றோரம் போடுவார்கள். இது யாருக்கும் பாவம் இல்லை. நான் செய்ததுதான் பாவம்.

நான் அப்படிக் கிடந்ததில் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். கஞ்சி கொடுத்து, குப்பியில் பால் கொடுத்து நிமிர்த்தினேன். பிறகு பயறில் விட்டேன். கயிறு கட்டி, இன்று இந்தத் துண்டு, நாளைக்கு அடுத்த துண்டு என்று மாற்றி மாற்றி மேய்த்தேன். புண்ணாக்கு கிடையாது, ஊசி கிடையாது, உரம் கிடையாது. மூன்று வருடத்தில் தோள் இரண்டும் கல்தூண் மாதிரி ஆனது.

மூத்தவனை ஒரு கிறிஸ்துமஸுக்கு நேசையனிடம் கொடுத்தேன். பயறு மேய்ந்த மாடு, சிகாமணி அண்ணன் மாடு என்று சொல்லி விற்கவேண்டும் என்பதுதான் பேச்சு. விடியும் முன்னே கடையில் போய் நின்றேன். அவன் ஒரே போடில் வீழ்த்தினான். அதில் குறை சொல்லமாட்டேன், மாட்டுக்கு வலி தெரியாது, அவன் கை அப்படி. ஆனால் பக்கத்திலேயே மலைக்குக் கிழக்கே பாண்டிப் பக்கத்திலிருந்து லாரியில் வந்த மாடு ஒன்று, எலும்பு துருத்திக்கொண்டு, அதையும் வெட்டினான். வெட்டி, இரண்டையும் ஒரே பலகையில் போட்டுக் கலந்தான் சாரே. என் கண் முன்னாலே கலந்தான். என் மாட்டின் இறைச்சி நல்ல சிவப்பு, கொழுப்பு மஞ்சளாக இருக்கும், பச்சை தின்றதால். அது வெளுத்த கொழுப்போடு சேர்ந்து கிடந்தது.

எது யாருடையது என்று ஊருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"வெந்தா எல்லாம் ஒண்ணுதான் அத்தான்" என்றான். சிரித்தான். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். அவன் தலையைப் பலகையில் வைத்து அமுக்கினேன். கன்னமெல்லாம் ரத்தம், மாட்டு ரத்தம்தான். நாலு பேர் இழுத்துப் பிரித்தார்கள். அவன் கையில் கத்தி இருந்தது, பார்த்துக்கொள்ளுங்கள். கத்தியை வைத்துக்கொண்டு அவன் ஒன்றும் செய்யவில்லை. முகத்தைக் கழுவிவிட்டு அடுத்த ஆளுக்கு இறைச்சி நிறுக்கத் தராசைப் பிடித்தான்.

எங்கள் வீட்டில் அப்படிக் கிடையாது. நானும் என் அண்ணனும் எல்லைப் பலாமரத்துக்குச் சண்டை போட்டோம். அவன் என் மண்டையை உடைத்தான், ஏழு தையல். மறுவாரம் நான் அவன் பல்லை உடைத்தேன், இரண்டு பல். அதற்கடுத்த ஞாயிறு கோயில் விட்டு வந்து இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு தின்றோம். அவன் சாகும்வரை ஒரு மனத்தாங்கல் கிடையாது. அடி திரும்பி வந்துவிட்டால் காரியம் முடிந்தது. அடிக்காமல் சிரித்துக்கொண்டு போகிறவன்தான் ஆபத்து. நேசையன் அப்படிப்பட்டவன்.

அதோடு அவனுக்கு மாடு கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டாவது கன்றுதான் சுட்டி. அவனுக்கும் மூன்று வயது முடிந்த சமயம், கோவளத்தில் லாட்ஜ் வைத்திருக்கிற ஒருவர் எப்படியோ கேள்விப்பட்டு வந்தார். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடமாம். பச்சை மட்டும் தின்ற, ஊசி படாத மாடு வேண்டும், ஆர்கானிக்கு என்றார். என் மாட்டை என் மாடு என்று சொல்லியே பரிமாறுவாராம். சாப்பாட்டு அட்டையில் என் பேரும் நிலத்தின் படமும் போடுவாராம். என் பேரை நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதை யாரோ அச்சடிக்கப் போகிறார்கள். அதோடு, இது சரிவந்தால் வருடம் நாலு காளை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆற்றோரம் போடுகிற கன்று நாலு இங்கே நின்றிருக்கும்.

ஜூன் மாதம். மழை பிடித்து ஒரு வாரம். பயறு புதுசாகத் துளிர்விட்டு, தொட்டால் ஒடிகிற பதத்தில் நின்றது. லாட்ஜ்காரர் போன் பண்ணி, நாளைக் காலையில் வருகிறேன், மாடு ஆசையாக மேய்வதைப் படம் பிடிக்கவேண்டும் என்றார்.

ஆசையாக மேயவேண்டும் என்றால் பசி வேண்டும். அது சின்னப் பிள்ளைக்குத் தெரியும். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சுட்டிக்கு ஒன்றும் போடவில்லை. லீதியாள் சாயங்காலம் தொழுவத்துக்கு வந்து நின்றாள்.

"ஒரு பிடி வைக்கோலாவது போடுங்க. வெறும் வயித்தில இளம் பயறு கண்டா அவன் நிறுத்தமாட்டான்."

எனக்குச் சொல்லித்தருகிறாயா என்று கேட்டேன். அவளும் தினம் பார்க்கிறவள்தான், முதலில் வைக்கோல், பனி காய்ந்தபிறகு பயறு, அதுதான் எங்கள் முறை. முறை எனக்குத் தெரியாதா? அந்த முறையை வைத்ததே நான். ஆனால் படம் பிடிக்கிற நாள் வேறு, மற்ற நாள் வேறு. அவள் ராத்திரி எனக்குத் தெரியாமல் போட்டுவிடுவாளோ என்று தொழுவத்துக்குப் பூட்டு போட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

காலை ஏழு மணிக்கு அவனை அவிழ்த்து, பயறு நெருக்கமாக நின்ற நடுத்துண்டில் கட்டினேன். இலையெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்தவன் நிமிரவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது சாரே. கார் வழி தெரியாமல் சுற்றும் என்று நான் சந்திக்குப் போய் நின்றேன். லாட்ஜ்காரர் எட்டுக்கு வரவேண்டியவர், ஒன்பதரைக்கு வந்தார். அது என் குற்றமா? மழை பெய்தது என் குற்றமா? பயறு துளிர்த்தது என் குற்றமா?

நான் காரில் முன்சீட்டில் இருந்து வழி சொல்லிக்கொண்டு வந்தேன். அதோ அந்த வரப்பு வளைவு தெரிகிறதா, அங்கே வந்ததும் பார்த்தேன். சுட்டி முழங்காலில் கிடக்கிறான். அவன் மேல் நேசையன் குனிந்து நிற்கிறான். கையில் இறைச்சி வெட்டுகிற கத்தி. அது பிடிவரைக்கும் என் மாட்டின் இடது விலாவுக்குப் பின்னால் இறங்கியிருக்கிறது. பச்சையும் சிவப்புமாக நுரை பீய்ச்சி அடித்து அவன் சட்டையெல்லாம் வழிகிறது.

நீங்கள் என்ன நினைப்பீர்கள்? சொல்லுங்கள். உங்கள் மாட்டின் வயிற்றில் ஒரு இறைச்சிக்கடைக்காரன் கத்தியை இறக்கி நிற்பதைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? கிறிஸ்துமஸுக்குக் கலந்தவன், இந்தத் தடவை மாடு கடைக்கு வரும்வரைகூடப் பொறுக்காமல் கொல்ல வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

காரிலிருந்து குதித்தேன். கயிறு கட்ட அடித்திருந்த கடப்பாரை வழியில் நின்றது. பிடுங்கினேன். மழை மண், ஒரே இழுப்பில் வந்தது. ஓடிப்போய் அவன் வலது மணிக்கட்டில் போட்டேன். சத்தம் எனக்கே கேட்டது. பச்சை மூங்கில் பிளக்கிற சத்தம். கத்தி தெறித்து விழுந்தது. அவன் முழங்காலில் விழுந்தான்.

விழுந்தவன் என்ன செய்தான் தெரியுமா? இடது கையைக் கொண்டுபோய் மாட்டின் மேல் வைத்தான். அப்போதுதான் பார்த்தேன், கத்தி குத்தின ஓட்டையில், கத்தியை ஒட்டி முன்னமே ஒரு பப்பாளி இலைத்தண்டு சொருகியிருந்தது. உள்ளே குழலாக இருக்குமே, அது. அதன் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது, சைக்கிள் டியூப் மாதிரி. அவ்வளவு நாற்றம். தண்டு வெளியே வந்துவிடாமல் அவன் இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தான்.

"தண்டை எடுத்துராதேயும் அத்தான். எடுத்தா அடைச்சுப்போகும்."

லீதியாள் வரப்பிலிருந்து கத்தினாள். "அடிக்காதீங்க, அவன் காப்பாத்துகான். ஈரப் பயறு தின்னு மாட்டு வயிறு ஊதிப்போச்சு, நான்தான் அவனை விளிச்சிட்டு வந்தேன்."

கேட்டது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். மாட்டு டாக்டர் இல்லையாம், இவள் பாலம்வரைக்கும் ஓடியிருக்கிறாள், அவன் கடையைப் போட்டது போட்டபடி கத்தியோடு வந்திருக்கிறான். எல்லாம் அங்கேயே சொன்னாள். சுட்டியும் மூச்சு வாங்கி, முன்னங்காலை ஊன்றி, எழுந்து நின்றுவிட்டான். வயிறு கொஞ்சம் கொஞ்சமாக வற்றுவதை நின்று பார்த்தேன்.

இரண்டாவது அடி அதற்குப் பிறகுதான்.

அதை ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள். முதல் அடி சரி, தெரியாமல் அடித்தாய், இரண்டாவது எதற்கு என்று. முதல் அடி மாட்டுக்கு. இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு. இரண்டும் வேறு வேறு. ஒன்றில் தவறு நடந்துவிட்டது என்பதற்காக மற்றதை விட்டுவிட முடியுமா? முழங்கைக்குக் கீழே போட்டேன். அவன் தடுக்கவில்லை. தடுக்க ஒரு கைதான் இருந்தது, அது தண்டைப் பிடித்திருந்தது. அவன் அதை எடுக்கவில்லை. வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டான். மூக்கிலிருந்து தண்ணீராக வந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை முன்னாலே சொல்லியிருக்கலாம் அல்லவா? அத்தான், குத்தப்போகிறேன் என்று ஒரு வார்த்தை. நான் சந்தியில்தான் நின்றேன். ஆள் விட்டிருக்கலாம். கேட்டால் நேரம் இல்லை என்றானாம்.

லாட்ஜ்காரர் காரிலிருந்து இறங்கவே இல்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பின்னாலேயே ஓட்டி, சணப்பை மிதித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் மாட்டு டாக்டர் வந்து தையல் போட்டு மூன்று ஊசி போட்டார். ஊசி போட்ட மாடு எப்படி ஆர்கானிக்கு ஆகும்? அதனால்தான் லாட்ஜ்காரர் பிறகு போனையே எடுக்கவில்லை. அவருக்கு ஊசி விஷயம் எப்படித் தெரிந்தது என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நேசையன் வழியாகப் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் வந்து கேட்டிருக்கிறது. அவன் என்ன சொன்னான்? மாடு மிதித்துவிட்டது என்றான். பாருங்கள். என் மாடு இன்றுவரை ஒரு கோழிக்குஞ்சைக்கூட மிதித்தது கிடையாது. இடது பக்கம் உதைப்பது அதற்குப் பிறகு வந்த பழக்கம். என்னைப் பிடித்துக்கொடுத்திருந்தால் ஜெயிலுக்குப் போய்விட்டு நிமிர்ந்து திரும்பி வந்திருப்பேன். அவன் வாயில்லாத மாட்டின் மேல் பழியைப் போட்டான். கோயிலில் போதகர் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, உனக்கு இவனிடம் என்ன வேண்டும் நேசையா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் பாஸ்டர், அக்காவுக்குக் குடும்பம் இருக்கு என்றான். ஒன்றும் வேண்டாமாம்.

அவன் கை சேர்ந்தது, ஆனால் விரல் மடங்காது. இடது கையால் வெட்டிப் பழகுகிறான். துண்டு ஒன்று பெரிசு ஒன்று சிறிசு. எலும்பில் கத்தி சிக்கிக்கொள்ளும், இழுக்கத் தெரியாது. மாட்டை வீழ்த்துகிற வேலைக்கு வேறு ஆள் வருகிறான், அவன் மூன்று போடு போடுவான், மாடு கதறும். பாதிப்பேர் மேட்டுக்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் ஒரு சனிக்கிழமை அந்தக் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வாங்க நின்றவர்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். கடப்பாரையை அவன் முன்னால் நீட்டினேன்.

"ரெண்டு அடிச்சேன். ஒண்ணையாவது திருப்பித் தாலே."

"எதுக்கு அத்தான்?"

"தந்தா தீர்ந்துபோகும்லா."

அவன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். விரல் ஐந்தும் வாழைக்காய்ச் சீப்பு மாதிரி விறைத்து நின்றது. "இதில பிடிக்கமுடியாது."

"இடது கை இருக்கே."

"அது கறி வெட்டணும் அத்தான். தள்ளி நில்லும், ஆளு நிக்குது."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நான் முழங்கையைப் பலகைமேல் வைத்தேன் சாரே, ரத்தத்தில், எலும்புத்தூளில். வெட்டுகிற பலகை அது. கத்தி ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அடி, இல்லை வெட்டு, எது உனக்குச் சௌகரியமோ அதைச் செய் என்றேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு என் கையில் ஈரமாக ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால், அவன் துணியை நனைத்து என் முழங்கையைத் துடைக்கிறான்.

"வெள்ளைச் சட்டை. அக்கா துவைக்கணும்லா" என்றான்.

கடப்பாரையைக் கடை முன்னால் மண்ணில் குத்தி நிறுத்திவிட்டு வந்தேன். நினைக்கும்போது எடுக்கட்டும், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும் என்று. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால் அதில் தார்ப்பாயைக் கட்டியிருந்தான். மழைத்தண்ணீர் அதன் வழியாக வடிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் ஆகிறது. வாரம்தோறும் போகிறேன். கடை முன்னால் ஒரு மணி நேரம் நிற்பேன். அவன் ஒரு பொட்டலம் இறைச்சி மடித்து என் கையில் கொடுப்பான், அக்காவிடம் கொடுத்துவிடும் என்று. நான் கொண்டுவந்து கொடுப்பேன்.

தேத்தண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். இவள்தான் லீதியாள். இனிப்பு போதுமா என்று உங்களிடம் கேட்டாள் பார்த்தீர்களா? நல்ல கணீர்க் குரல் இன்னும். இரண்டு வருடமாக இவளுக்குத் தொண்டையில் கோளாறு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சோறு வைப்பாள், தண்ணீர் வைப்பாள், சத்தம் வராது. வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாடு விஷயம் கேட்கிறீர்கள். விற்கமாட்டேன் சாரே. ஐந்து வயது முடிந்துவிட்டது, இறைச்சி முற்றிப்போகும், எனக்கும் தெரியும். கேட்டு வருகிறவர்கள் எல்லாம் எந்தக் கைகளால் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். மூன்று போடு, நாலு போடு. கஞ்சி கொடுத்து நிமிர்த்தின பயலை நான் அப்படிக் கொடுக்கமாட்டேன். ஒரே போடில் வீழ்த்துகிற கை இந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது.

இப்போது சுட்டிக்கு முதலில் வைக்கோல் போடுகிறேன். ஒவ்வொரு நாளும். பனி காய்ந்ததா என்று இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விடுகிறேன். எதற்குச் சொல்கிறேன் என்றால், முறை எனக்குத் தெரியும்.

நீங்கள் பாலத்து வழியாகத்தானே திரும்பிப் போவீர்கள்? கடையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். இறைச்சி வாங்க வேண்டாம். சிகாமணி சொன்னான் என்று சொல்லுங்கள். நாளை சனிக்கிழமை, நான் வருவேன். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது, அவனுக்கும் கை சரியாகப் போவதில்லை. ஆனாலும் இடது கையில் இப்போது நல்ல பலம் வந்திருக்கிறது, நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எலும்பை இரண்டு வெட்டில் முறிக்கிறான். தார்ப்பாயை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

இரண்டு அடி அவனிடம் கொடுத்தேன். ஒன்றுகூட எனக்குத் திரும்பி வரவில்லை. கடப்பாரையும் அவனிடம்தான் நிற்கிறது.